ஊட்டி தாவரவியல் பூங்கா: முழங்கால் வலியுள்ள அம்மாவை எப்படிக் கூட்டிப் போவது?

கேள்வி (திருப்பூர்):
அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. போன மே மாதம் மதியம் 12 மணிக்குப் பூங்காவுக்குள் போய், நேரே கண்ணாடி மாளிகை பார்க்க மேலே ஏறினோம். பாதி வழியில் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டே முழங்காலை அழுத்திவிட்டது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வீட்டு மொட்டை மாடியில் நாற்பது தொட்டி வளர்ப்பவர். இந்த முறை நிம்மதியாகப் பார்க்க வேண்டும். குன்னூர் சிம்ஸ் பூங்கா சின்னதாமே, அங்கே போகலாமா?

பதில் (குன்னூர்):
வேண்டாம் அக்கா. சிம்ஸ் சின்னதுதான், ஆனால் பள்ளத்துக்குள் இருக்கிறது. இறங்கும்போது தெரியாது, திரும்ப ஏறும்போதுதான் முழங்கால் பேசும்.

பதில் (ஊட்டி):
ஊட்டிப் பூங்கா 55 ஏக்கர், தொட்டபெட்டா சரிவில் இருக்கிறது. போகப் போக மேடு, உச்சியில் தோடர் பழங்குடியினர் குடியிருப்பான மந்து. முழுசும் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கீழே பெரிய புல்வெளியும், பூத்தொட்டிகளை அடுக்கி வைக்கும் மலர் மாடமும் போதும். அம்மாவுக்குத் தொட்டி பிடிக்கும் என்றால் மாடத்திலேயே ஒரு மணி நேரம் போய்விடும். கால் ஒத்துழைத்தால் 2 கோடி ஆண்டு பழமையான கல்மரத்தையும் காட்டுங்கள், மரத்தின் வரி அப்படியே கல்லில் தெரியும்.

மே மாதம் வேண்டவே வேண்டாம். மலர் கண்காட்சிக் கூட்டத்தில் உட்கார பெஞ்சு கிடைக்காது. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன்; அப்போதும் மாடத்தில் பூத்தொட்டி அடுக்குவார்கள், கூட்டமும் குறைவு. காலையிலேயே வந்துவிடுங்கள். புல் ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்பு முக்கியம். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும், குடை எடுத்து வாருங்கள்.

கேள்வி (திருப்பூர்):
ரொம்ப நன்றி. சொந்தக் காரில் வருகிறோம், வேறு ஏதாவது?

பதில் (குன்னூர்):
நீலகிரிக்குள் வண்டியில் வர இ-பாஸ் வேண்டும், கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். அப்புறம், அம்மா ஃபுஷியா செடியைப் பார்த்தால் கட்டாயம் ஆசைப்படுவார். வாங்க விடாதீர்கள், திருப்பூர் வெயிலை அது தாங்காது. ஜெரேனியம் வேண்டுமானால் நிழலில் வைத்துப் பார்க்கலாம்.