தான் எந்த மாதிரி படத்துல இருக்கோம்னு புரிஞ்சுக்கிட்டு அதையே யூஸ் பண்ற கேரக்டர்கள், உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க

இடைவேளைகார்டு:

ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கிற விஷயம் இது. பேய்ப்படத்துல ஒருத்தன் "நாம தனித்தனியா பிரிஞ்சா ஒவ்வொருத்தரா காலி"ன்னு சொல்றது, ஆக்‌ஷன் படத்துல "பாரு, வில்லன் இப்ப சுடாம பேச ஆரம்பிப்பான்"னு சொல்றது, இதெல்லாம் நெறைய வந்தாச்சு. நான் தேடுறது அது இல்ல. அந்த விதியைத் தெரிஞ்சுக்கிட்ட கேரக்டர் அதை வச்சு ஒரு காரியம் சாதிக்கணும், தப்பிக்கணும், இல்ல எவனையாவது மாட்டிவிடணும், கதையே அதனால திரும்பணும். சும்மா கிண்டல் பண்ணிட்டுப் போற ஸ்பூஃப் வேணாம்.

கேலக்ஸி க்வெஸ்ட் (1999) எனக்கு உயிர். பழைய டிவி சீரியலை நிஜ வரலாறுன்னு நம்பின வேற்றுகிரகத்துக்காரங்க அதுல வர்ற விண்வெளிக் கப்பலை அப்படியே கட்டி வச்சிருப்பாங்க, கப்பல் வெடிக்கப் போற கவுண்ட்டவுனை நிறுத்த பட்டனை அமுக்கின பிறகும் அது ஓடிட்டே இருந்து 1ல வந்து நிக்கும், ஏன்னா சீரியல்ல எப்பவும் 1லதான் நின்னிருக்கு. அட்டகாசமான சீன், ஆனா அதை யாரும் திட்டம் போட்டு பண்ணல, அதுவா நடக்குது. திட்டம் போட்டு பண்றவங்க வேணும்.

கடைசிவரிசை:

ஸ்பாய்லர் இருக்கு, ஸ்க்ரீம் (1996) பாக்காதவங்க தாண்டிப் போயிடுங்க.

முகமூடி போட்ட கொலைகாரன் ஸ்கூல் பசங்களை வேட்டையாடுற படம். இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் அதுல வர்ற ராண்டியைத்தான் சொல்லுவாங்க. வீடியோ கடையில வேலை பாக்கிற பையன், பார்ட்டியில எல்லாரையும் உக்கார வச்சு பேய்ப்படத்துல உயிரோட இருக்கணும்னா செக்ஸ் கூடாது, குடிக்கக் கூடாது, "இதோ வந்துடறேன்"னு சொல்லிட்டுப் போகவே கூடாதுன்னு பாடம் எடுப்பான். கொஞ்ச நேரம் கழிச்சு அதே ராண்டி சோபாவுல உக்காந்து டிவியில ஓடுற ஹாலோவீன் ஹீரோயினைப் பாத்து "பின்னாடி பாரு, திரும்பிப் பாரு"ன்னு கத்திட்டிருப்பான், அவனுக்குப் பின்னாடியே முகமூடி போட்ட கொலைகாரன் நிப்பான். விதி அத்தனையும் மனப்பாடம், ஆனா அது தனக்கும் நடந்துட்டு இருக்குன்னு உறைக்கல. அதனால நீங்க கேட்ட லிஸ்ட்ல ராண்டி வர மாட்டான்.

வர்றது கொலைகாரங்க. முகமூடி ஒண்ணுதான், அதனால ஆளும் ஒருத்தன்தான்னு பாக்கிறவங்க எல்லாம் நம்புவோம், அந்த நம்பிக்கைக்குள்ளதான் ரெண்டு பேரும் ஒளிஞ்சுக்கிறாங்க. அதுல ஒருத்தன் பில்லி, ஹீரோயின் சிட்னியோட காதலன். அவன் மேல சந்தேகம் வர்ற நேரத்துல முகமூடிக்காரன் அவனையே குத்துற மாதிரி ஒரு செட்டப், குத்து வாங்கினவன் எப்படி கொலைகாரனா இருப்பான்னு நாமளும் அவனை லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுறோம். ஆனா கடைசியில சிட்னி இவங்க ரெண்டு பேரையும் தாண்டிப் போயிடுறா. அவங்க குரல் மாத்துற மெஷினை எடுத்து அவங்களுக்கே போன் பண்றா, அவங்க முகமூடியையே போட்டுக்கிட்டு வந்து அடிக்கிறா, செத்தவன் கடைசியா ஒரு தடவை எந்திரிக்கிற நேரம் இதுன்னு ராண்டி சொல்லி முடிக்கும்போது பில்லி எந்திரிக்க, ஒரு நொடி கூட யோசிக்காம சுட்டுடுறா. விதியை ராண்டி சொன்னான், யூஸ் பண்ணது சிட்னி. எனக்கு அந்தப் படமே அந்த வித்தியாசம்தான்.

ப்ரொஜக்டர்ரூம்:

லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ (1993) இன்னும் யாரும் சொல்லலையா? இதுக்குன்னே எடுத்த படம் ஜி.

டேனின்னு ஒரு பையன், மந்திர டிக்கெட்டால அர்னால்ட் நடிக்கிற ஆக்‌ஷன் படத்துக்குள்ள போயிடுவான். இந்த மாதிரி படத்துல நல்லவன் சாக மாட்டான்னு அவனுக்குத் தெரியும், அந்த தைரியத்துல சைக்கிளை எடுத்துக்கிட்டு வில்லன் கார் மேலயே நேரா மோதப் போவான், போற வழியில திடீர்னு பொறி தட்டும், நான் ஹீரோ இல்ல, காமெடிக்கு வர்ற கூட்டாளி, எனக்கு இது வேலைக்கு ஆகாது! உடனே சைக்கிளைத் திருப்பிடுவான். இந்த டாபிக்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச நிமிஷம் இது, ஏன்னா விதி மட்டும் தெரிஞ்சா பத்தாது, அந்தக் கதையில உனக்கு எந்த இடம் கொடுத்திருக்காங்கன்னும் தெரியணும், ஹீரோவோட விதியை கூட்டாளி எடுத்து ஆடினா அடி நிச்சயம்.

பெரிய மூளை வில்லன் பெனடிக்ட்டுக்குத்தான். டிக்கெட்டை வச்சு நிஜ உலகத்துக்கு வந்ததும் ஒருத்தனைச் சுட்டுட்டு, நான்தான் சுட்டேன்னு ரோட்டுலயே கத்திப் பாப்பான். போலீஸ் வராது. இங்க கெட்டவனும் ஜெயிக்கலாம்னு அந்த இடத்துலயே அவனுக்கு விளங்கிடும். அப்புறம் க்ளைமாக்ஸ்ல துப்பாக்கி க்ளிக்னு காலியா சத்தம் போடும், ஹீரோ ஸ்லேட்டர் குண்டு தீந்துடுச்சு, வில்லன் லோட் பண்ண மறந்துட்டான்னு நம்பி வெளிய வருவான், ஆனா பெனடிக்ட் துப்பாக்கியில குண்டு போடுற அறை ஒண்ணை வேணும்னே காலியா விட்டிருப்பான், டப்புன்னு சுட்டுடுவான். குண்டை எண்ணிக்கிட்டே இருந்து தீந்ததும் பாயுறது எத்தனை படத்துல பாத்திருப்போம், அந்தப் பழக்கத்தையே பொறியா வச்சான் பாருங்க!

அதுக்கு டேனி பண்ற பதில் இன்னும் மேல. நிஜ உலகத்துல அந்தக் காயத்துக்கு ஸ்லேட்டர் செத்துடுவான், அதனால அவனைத் திரும்ப படத்துக்குள்ளயே கொண்டுபோய் விடுவான். அங்க போனதும் அது வெறும் சதைக்காயம் ஆயிடும். ஹீரோ நெஞ்சுல குண்டு பட்டும் எந்திரிச்சு நடக்கிறதை எவ்வளவு திட்டியிருப்போம், இங்க அதே விஷயம்தான் அவனுக்கு வைத்தியம்.

ஓலைக்கொட்டாய்:

எல்லாம் ஹாலிவுட்டாவே போகுது, தில்லு முல்லு (1981) எங்க போச்சு?

ஆபீஸுக்குப் பொய் சொல்லிட்டு மேட்ச் பாக்கப் போன இடத்துல முதலாளி கண்ணுல மாட்டினவன் அடுத்து என்ன சொல்லணும்? சினிமா பாத்து வளந்தவன் சொல்ற பதிலைச் சொல்றான், அது நான் இல்ல சார், என் இரட்டைத் தம்பி. மீசை வச்சா சந்திரன், மீசை இல்லன்னா இந்திரன். இந்தப் பொய் அந்த ஆள்கிட்ட எடுபடும்னு நாம ஏன் ஒத்துக்கிறோம்? ஒரு மச்சம், ஒரு மீசை வித்தியாசத்துல ஒரே நடிகரை ரெண்டு ஆளா வருஷக்கணக்கா நம்பிப் பழகினவங்க நாம. முதலாளியா வர்ற தேங்காய் சீனிவாசனும் தியேட்டர்ல உக்காந்திருக்கிற நாமளும் ஒரே மாதிரி ஏமாற தயாரா இருக்கோம். அந்தப் பொய்யைக் காப்பாத்த அம்மாவும் வேணும்னு ஆகி, அம்மாவா நடிக்க வந்த சௌகார் ஜானகியும் இரட்டைப் பிறவி ஆகிற வரைக்கும் போவாங்க. டபுள் ஆக்ட்ங்கிற வழக்கத்தை கேரக்டரே எடுத்து ஆயுதமா யூஸ் பண்ணதுல இதை மிஞ்சி தமிழ்ல நான் பாக்கல.

காதலிக்க நேரமில்லை (1964) நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்றதையும் இதோட சேக்கலாம். கதையில ஒண்ணுமே இருக்காது, கதவு சத்தம், காலடி சத்தம், ஒரு இடைவெளி, அவ்வளவுதான், பாலையா வெலவெலத்துப் போவார். பேய்ப்படம் எப்படி வேலை செய்யுதுன்னு அந்த ஒரு சீனே சொல்லிடும்.

தமிழ்ப்படத்தை (2010) ஸ்பூஃப்னு ஒதுக்காதீங்க. ஹீரோ பொண்ணுக்காக ஒரே ராத்திரியில பரதநாட்டியம் கத்துக்கிறான், ஒரே பாட்டுல கோடீஸ்வரன் ஆகுறான், இதெல்லாம் நடக்கும்னு தெரிஞ்சுதான் கிளம்புறான், நடத்தியும் காட்டுறான். நீங்க கேட்டதுக்கு இதை விட நேரான பதில் இல்ல.

மழைக்காட்சி:

பாபநாசம் (2015), மலையாளத்துல த்ரிஷ்யம் (2013). சுயம்புலிங்கம் நாலாங்கிளாஸ் தாண்டாதவன், கேபிள் ஆபீஸ்ல உக்காந்து ராத்திரி பூரா படம் பாக்கிறவன். வீட்டுல நடந்த ஒரு கொலையை மறைச்சு குடும்பத்தைக் காப்பாத்தணும். போலீஸ் எப்படி வரும், ஒவ்வொருத்தரையா எப்படித் தனியா உக்கார வச்சுக் கேக்கும், எங்க உடையும், இது எல்லாமே அவன் படத்துல கத்துக்கிட்டது. பஸ், ஹோட்டல், தியேட்டர்னு குடும்பத்தோட நிஜமாவே போயிட்டு வந்து, அப்புறம் அதே ஆளுங்களைத் திரும்பப் பாத்து பேச்சோட பேச்சா அந்தத் தேதியை மட்டும் அவங்க ஞாபகத்துல மாத்தி உக்கார வச்சிடுவான். சாட்சிங்க யாரும் பொய் சொல்லல, அவங்களுக்கே அது உண்மை. படம் எடுக்கிறவன் ஆடியன்ஸை எப்படி நம்ப வைப்பானோ அதையே இவன் ஊர் மேல செஞ்சு பாக்கிறான்.

ஒரு சந்தேகம், இவனுக்குத் தான் படத்துல இருக்கோம்னு தெரியாதே, இது உங்க கணக்குல வருமா?

இடைவேளைகார்டு:

தாராளமா வரும். யோசிச்சுப் பாத்தா இதுதான் ரொம்ப கஷ்டமான வகைன்னு தோணுது. டேனிக்கு அந்த உலகமே அவன் பக்கம், விதி கண்டிப்பா வேலை செய்யும். சுயம்புவுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, படத்துல பாத்தது நிஜத்துல பலிக்கலன்னா குடும்பமே உள்ள. பெனடிக்ட் துப்பாக்கி மேட்டரை மறந்தே போயிருந்தேன், இன்னைக்கு திரும்பப் பாக்கணும்.

கடைசிவரிசை:

இன்னொண்ணு, தி ஃபைனல் கேர்ள்ஸ் (2015). எண்பதுகள்ல வந்த ஒரு கொலைப்படத்துக்குள்ள சில பசங்க மாட்டிக்குவாங்க. அந்த மாதிரி படத்துல பொண்ணு துணியைக் கழட்டினா கொலைகாரன் வந்தே தீருவான்னு தெரிஞ்சு, அதையே வச்சு அவனை தாங்க பொறி வச்ச இடத்துக்கு வரவழைப்பாங்க.

ஓலைக்கொட்டாய்:

அந்த லைன்ல பாத்தா ஜிகர்தண்டா (2014) கூட உள்ள வரும். ஊரே நடுங்குற ரவுடி சேது ஹீரோவா நடிக்கணும்னு பிடிவாதம் பிடிக்கிறான், டைரக்டருக்கு மறுக்க வழியில்ல, அதனால எடுக்கிற படத்தோட வகையையே மாத்திடுறான், ரவுடிப் படம்னு சொல்லி எடுத்தது தியேட்டருக்கு வரும்போது காமெடி. சேதுகிட்ட கத்தி இருக்கு, ஆள் இருக்கு, ஆனா தான் எந்த வகைப் படத்துல நடிச்சிட்டு இருக்கோம்னு தெரியல, அது தெரிஞ்சவன் எடிட்டிங்ல உக்காந்திருந்தான்.