ராட்சதப் பூசணி விதை முளைக்க வைத்தவர்கள் வாங்க, அனுபவம் சொல்லுங்க

உட்லண்ட்ஸ் தோட்டக்காரி:
அட்லாண்டிக் ஜயண்ட்ங்கிற ராட்சதப் பூசணி விதை போட்டுப் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா? எங்க புளோக் கீழே சமூகத் தோட்டத்துல ஒரு மூலை எனக்குக் கிடைச்சிருக்கு. விதையும் கையில இருக்கு. ஒவ்வொண்ணும் என் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிசு, ஓடு கெட்டியோ கெட்டி. விலையைச் சொன்னா வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். இணையத்துல தேடினா வெப்பப் பாய், பல்பு வச்ச பெட்டின்னு குளிர் ஊர்க் கதையாவே வருது. நம்ம சிங்கப்பூர்ல செஞ்சவங்க சொல்லுங்க.

ஜூரோங்வாசி:
அக்கா, வெப்பப் பாய்க்குக் காசு செலவழிக்காதீங்க. இந்த விதை முளைக்கக் கேட்கிறது 29லிருந்து 32 டிகிரி வரைக்கும். நம்ம அடுப்படியில அது சும்மாவே கிடைக்குது. குளிர் ஊர்க்காரங்க சூட்டுக்குப் படுற பாட்டை நாம இங்க ஈரத்துக்குப் படணும். நான் இங்க பார்த்த வரைக்கும் வீணான விதையெல்லாம் ஊறி அழுகிப் போனதுதான்.

முதல் வேலை, ஓரத்தைத் தேய்க்கிறது. ஓடு தடிப்பா இருக்கிறதால தண்ணி உள்ளே போக நேரமாகும், முளைக்கும்போது ஓடு பிளக்கவும் சிரமப்படும். அதுக்குத்தான் இந்த வேலை. விதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல தட்டையா பிடிச்சுக்குங்க. கூரா இருக்கிற முனை, அதாவது மூக்கு, உங்க விரலுக்குள்ள மறைஞ்சிருக்கட்டும். வேர் அந்த வழியாத்தான் வரும், அங்க அரம் படவே கூடாது. மிச்சம் இருக்கிற ரெண்டு பக்க ஓரத்தையும் நகம் தேய்க்கிற அட்டையால மெதுவா இழுங்க. நயமான உப்புத்தாளும் ஆகும். முதல்ல வெள்ளையா மாவு கொட்டும். ஓரத்துல இருந்த பளபளப்பு போய், மங்கலா ஒரு கோடு தெரியும். அந்த இடத்துல நிறுத்திடணும். உள்ளே மெல்லிசா பச்சைத் தோல் தெரிஞ்சா அளவு தாண்டியாச்சுன்னு அர்த்தம்.

அப்புறம் ஊறவைக்கிறது. வெதுவெதுப்பான தண்ணின்னு எழுதியிருப்பாங்க. நம்ம குழாய்த் தண்ணியே போதும், காய்ச்ச வேண்டாம். நாலஞ்சு மணி நேரம் ஊறினா சரி. கடலை ஊறவைக்கிற நினைப்புல ராத்திரி போட்டுட்டுக் காலையில பார்க்கலாம்னு விட்டுடாதீங்க. தண்ணி குடிச்ச விதை மூச்சு விட ஆரம்பிச்சிடும், அதுக்குக் காத்து வேணும். ரொம்ப நேரம் முங்கியே கிடந்தா உள்ளே மூச்சுமுட்டிப் புளிச்சுப் போகும். எடுத்து மோந்து பார்த்தாலே தெரியும்.

மிதக்கிற விதையைத் தூக்கிப் போடாதீங்க. பெரிய விதையில ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவுல காத்து இருக்கும், நல்ல விதையும் மிதக்கும்.

பொங்கோல் கொடி:
மிதக்கிற விஷயத்துக்கு நானும் சாட்சி. எனக்கு மிதந்த விதைதான் முதல்ல மூக்கை நீட்டுச்சு.

ஊறவச்சதுக்கு அப்புறம் நான் செய்றது இது. சமையலறைக் காகிதத்தை நனைச்சு, இனிமே ஒரு சொட்டும் விழாதுங்கிற அளவுக்குக் கையால பிழிவேன். பிழியாமச் சுத்தினா தண்ணியிலேயே போட்டு வச்சதுக்குச் சமம். அதுல விதையை மடிச்சு, ஜிப் பையில போட்டு, வாயை முழுசா மூடாம, குளிர்பதனப் பெட்டிக்கு மேல வச்சிடுவேன். அங்க எப்பவும் இளஞ்சூடா இருக்கும். படுக்கையறையில வைக்காதீங்க. நம்ம வீட்டுல ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடும், குளிர்ல விதை அப்படியே தூங்கிடும். தினமும் ஒருதடவை பிரிச்சுப் பார்க்கணும். ரெண்டு நாள்லயிருந்து நாலு நாளுக்குள்ள வெள்ளையா வேர்முனை எட்டிப் பார்க்கும். பார்த்த அன்னிக்கே தொட்டிக்கு மாத்துங்க, ஒரு நாள் தள்ளினாலும் வேர் காகிதத்துக்குள்ள புகுந்துக்கும்.

மருந்துக் கடையில விக்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊறவைக்கிற தண்ணியில ஒரு கரண்டி விடுறவங்க உண்டு, ஓட்டு மேல இருக்கிற பூஞ்சைக்காக. நான் விடுறதில்லை. பிழியிறதைச் சரியா செஞ்சா அது தேவைப்படாதுங்கிறது என் கட்சி.

தேக்கா தாத்தா:
படிக்கப் படிக்கச் சிரிப்பு வருது. எங்க ஊர்ல பூசணி விதையைச் சாம்பல்ல புரட்டிக் காயவச்சுப் பரணில போட்டிருப்பாங்க. ஆடி பிறந்தா எருக்குழி ஓரத்துல விரலால குழி பண்ணி ஊன்றதுதான். நக அரமாம், காகிதமாம். அதுவே கூரை மேல ஏறிக் காய்க்கும்.

ஜூரோங்வாசி:
தாத்தா, நீங்க சொல்றது நம்ம நாட்டுப் பூசணி. அது வேற இனம், ஓடும் இவ்வளவு தடிப்பில்ல. வீட்டுல கை நிறைய விதை இருக்கும், பத்து போச்சுன்னா பத்து ஊனலாம். அக்கா கையில இருக்கிறது குக்குர்பிட்டா மாக்சிமாங்கிற இனம். கனடாவுல நோவா ஸ்கோஷியா மாகாணத்து விவசாயி ஹோவர்ட் டில் பல வருஷம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ரகம் இது. 1979லிருந்து 1982 வரைக்கும் பெரிய பூசணிக்கான உலகப் பட்டத்தைத் தொடர்ந்து வாங்கியிருக்கார். இன்னிக்குப் போட்டிக்கு வர்ற ராட்சதப் பூசணிக்கெல்லாம் அவர் விதைதான் மூதாதை. 2023ல் அமெரிக்காவுல ஹாஃப் மூன் பேயில எடை போட்டு, அப்போதைய உலகச் சாதனையா அறிவிச்ச காய் 1,247 கிலோ. அந்த மாதிரி காயோட விதைக்குத் தாய்க்காயின் எடையையும் வளர்த்தவர் பேரையும் சேர்த்துப் பேர் வைப்பாங்க. ஏலத்துல ஒரே விதைக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்கிறவங்க இருக்காங்க. அதைச் சாம்பல்ல புரட்டச் சொன்னா அழுதுடுவாங்க!

அங் மோ கியோ அண்ணன்:
வாங்குற இடத்தையும் கவனிங்க. ஒரு கடையில வெயில் நேரா விழுற கண்ணாடி ஓரத்துல விதைப் பாக்கெட்டை மாட்டி வச்சிருந்தாங்க. அதுல வாங்கினது எதுவும் முளைக்கலை. கேட்டதுக்கு, மண் சரியில்லைன்னு என் மேலயே திருப்பிட்டாங்க. பூசணி விதை சரியா வச்சா நாலஞ்சு வருஷம் தாங்கும், ஆனா இங்க இருக்கிற சூடும் காத்துல இருக்கிற ஈரமும் சேர்ந்தா சீக்கிரமே தளர்ந்து போகும். நான் மாத்திரை டப்பாவுல வர்ற, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா பொட்டலத்தோட கண்ணாடிப் புட்டியில போட்டு, குளிர்பதனப் பெட்டியில காய்கறித் தட்டுல வைக்கிறேன். வெளியே எடுத்ததும் திறக்காதீங்க. புட்டிக்குக் குளிர் விடற வரைக்கும் காத்திருங்க, இல்லைன்னா உள்ளே வியர்த்து விதை மேல தண்ணி கோத்துக்கும்.

பொங்கோல் கொடி:
தொட்டி பத்திச் சொல்ல விட்டுப்போச்சு. புது மண் கலவையா இருக்கட்டும். போன செடி செத்த தொட்டி மண்ணை எடுத்தா நாற்றழுகல் வந்து, தண்டு அடியில நூலா இளைச்சுச் சாய்ஞ்சிடும். கோக்கோபீட்னா, அதாவது தேங்காய் நார்த்தூள்னா, நல்லா அலசி உப்பை எடுத்துடுங்க. மண்ணை முன்னாடியே நனைச்சு வச்சு, மூக்கு கீழே பார்க்க, ஒரு அங்குல ஆழத்துல வைங்க. படுக்கவச்சாலும் பரவாயில்லை. முளை மேல வர்ற வரைக்கும் மறுபடியும் தண்ணி ஊத்துற ஆசையை அடக்கணும். தொட்டி ஆறு அங்குலமாவது வேணும், இந்த வேர் அவசரக்காரி. தொட்டிக்கு அடியில தட்டு வச்சா தண்ணி தேங்காமப் பார்த்துக்குங்க, கொசு ஆய்வுக்கு வர்றவங்களுக்கு நம்ம பூசணிக் கதையெல்லாம் எடுபடாது.

வித்திலை, அதாவது முதல்ல வர்ற ரெண்டு இலை, வெளியே வரும்போது சிலதுல ஓடு தொப்பியா மாட்டிக்கிட்டே வரும். பிடிச்சு இழுத்தா இலை ரெண்டும் கையோட வந்துடும். நனைச்ச பஞ்சை அது மேல ஒரு மணி நேரம் வச்சுட்டு, ஓட்டோட ஓரத்தை நகத்தால லேசா நெம்பினா தானா கழன்று விழும். ஓரம் தேய்ச்ச விதையில இந்தத் தொல்லை குறைவு.

உட்லண்ட்ஸ் தோட்டக்காரி:
இதெல்லாம் செஞ்சா இங்க எவ்வளவு பெரிசா வரும்?

ஜூரோங்வாசி:
உள்ளதைச் சொல்லிடுறேன் அக்கா. முளைக்கிறதுக்கு நம்ம ஊரை அடிச்சுக்க முடியாது, காய் பெருசாகுறதுக்கு ஆகாது. இந்த இனத்துக்கு ராத்திரி குளிரணும், இங்க ராத்திரியிலயும் 24, 25 டிகிரிக்குப் பக்கத்துலதான் இருக்கும். சூடு அதிகமானா ஆண் பூவா பூத்துத் தள்ளும், பெண் பூ குறையும். சாம்பல் நோயும் பழ ஈயும் சும்மா விடாது. இடம் வேற. போட்டிக்கு வளர்க்கிறவங்க ஒரு கொடிக்கு 400 சதுர அடிக்கு மேல விடுறாங்க, அது மூவறை வீட்டுல பாதிக்கு மேல. தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடுற பாத்தியே இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர்தான். வீட்டு வாசல் நடைபாதையில 1.2 மீட்டர் வழி விடணும்னு விதி இருக்கு, அதனால அங்க கொடி ஓட விடுற யோசனை வேண்டாம். தூக்க ரெண்டு கை வேணும்கிற மாதிரி ஒரு காய் வந்தா அதுவே பெரிய வெற்றி.

தேக்கா தாத்தா:
அது இருக்கட்டும் தம்பி. காய் வந்தா சாம்பாருக்கு ஆகுமா?

ஜூரோங்வாசி:
ஆகாது தாத்தா. தண்ணியும் நாருமா இருக்கும், இனிப்பே இருக்காது. ஆனா கொழுந்தும் பூவும் பொரியலுக்கு அருமை. ஆண் பூ எப்படியும் கொட்டிக் கிடக்கும், பெண் பூவுக்கு மகரந்தம் சேர்க்கிறதுக்கு ரெண்டு மூணு விட்டுட்டு மிச்சத்தைப் பறிச்சுக்குங்க. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பறிக்கணும், அப்புறம் சுருங்கிடும்.