"ஐ ஆம் பெட்டர்" என்று சொல்வதற்கு முன்

வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வீடு, பேங்க் கணக்கு எல்லாம் எப்படியும் பார்த்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது பெட்டர் என்ற சொல்லைப் பற்றி. ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வைத் தாண்டி வந்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லவில்லை, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி வார்டில் கொல்கத்தாக்காரர்களிடம் "பாலோ ஆசேன்?" (நல்லா இருக்கீங்களா?) என்று வங்காளியில் கேட்டே பழகியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆனாலும் இந்தச் சொல்லில் கவனம் வேண்டும்.

ஊரில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கினாலே "இப்போ பரவாயில்லை" என்போம், அதே பழக்கத்தில் இங்கே ஜி.பி. (நம் பகுதிக் குடும்ப டாக்டர்) போனில் கேட்கும்போது "ஐ ஆம் பெட்டர்" என்று வந்துவிடும். முன்பைவிடத் தேவலை என்றும் அதை எடுத்துக்கொள்ளலாம், முழுக்கக் குணமாகிவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம். கேட்பவர் இரண்டாவதாக எடுத்துக்கொண்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. "எ பிட் பெட்டர், பட் ஸ்டில் காஃபிங் அட் நைட்" என்று மிச்சமிருக்கும் தொந்தரவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வார்டில் ஹேண்ட்ஓவர் கொடுக்கும்போது இது இன்னும் முக்கியம். "பேஷண்ட் இஸ் பெட்டர்" என்றால் எதைவிட, எப்போதிலிருந்து? வலி 8-லிருந்து 4-க்கு இறங்கியது, நியூஸ் ஸ்கோர் (நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றை வைத்துப் போடும் எச்சரிக்கை மதிப்பெண், கூடினால் ஆபத்து) 5 இருந்தது இப்போது 2, இப்படி எண்ணோடு சொன்னால்தான் அடுத்த ஷிப்டில் வருபவருக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும்.

அப்புறம் "யூ ஹேட் பெட்டர்". பள்ளிக்கூடத்தில் இதை அறிவுரை சொல்லும் முறை என்று படித்தோம், சரிதான், ஆனால் செய்யாவிட்டால் கெடுதல் வரும் என்ற எச்சரிக்கையும் அதற்குள் இருக்கிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது தோழியிடம் சொல்லலாம். வயதான நோயாளியிடம் மாத்திரையை நீட்டி அப்படிச் சொன்னால் மிரட்டுவது போல இருக்கும், பாவம் அவர்கள் ஏற்கனவே பயந்துபோய்ப் படுத்திருப்பவர்கள். "வுட் யூ லைக் டு டேக் இட் நவ்?" என்று கேளுங்கள்.

மேனேஜர் உங்கள் வேலையைப் பார்த்து "குட் பி பெட்டர்" (இன்னும் நன்றாக இருக்கலாம்) என்றால், திருப்தியில்லை என்று அர்த்தம். எதை மாற்ற வேண்டும் என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். "மோர் பெட்டர்" மட்டும் வேண்டாம், "மச் பெட்டர்" போதும்.

கேர் ஹோம் (முதியோர், உடல்நலம் குன்றியோரைப் பராமரிக்கும் இல்லம்) வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். இங்கிலாந்தில் இந்த இடங்களைக் கண்காணிக்கும் கேர் குவாலிட்டி கமிஷன் ஒவ்வோர் இடத்தையும் சோதித்து அவுட்ஸ்டாண்டிங், குட், ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட், இனடிக்வேட் என்ற 4 தரங்களில் ஒன்றைக் கொடுக்கிறது. மூன்றாவது, இன்னும் கொஞ்சம் முன்னேறலாம் என்று தட்டிக்கொடுப்பது போலக் காதில் விழும். உண்மையில் அது கடைசிக்கு முந்தின தரம், இருக்க வேண்டிய அளவுக்கு அந்த இடம் இல்லை என்று பொருள். அறிக்கை கமிஷனின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஆள் பற்றாக்குறை, மருந்து கொடுப்பதில் குளறுபடி என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.