நடக்கலாம், உட்காரக் கூடாது

குழு: நம்ம வீடு

பெரியப்பா (காலை 6:10): கொரோனாவுக்காக மூடிய கடற்கரையை நாளை முதல் திறக்கிறார்களாம். நடக்கலாம், உட்காரக் கூடாது.

சித்தப்பா: யார் சொன்னது? போன முறை நீங்கள் அனுப்பிய செய்தி மறுநாளே பொய்யென்று ஆனது.

பெரியப்பா: இது நிஜம். 2020 ஏப்ரலில் சிட்னியின் பாண்டை கடற்கரையையும் இப்படித்தான் திறந்தார்கள். நீந்தலாம், அலைச்சறுக்கு விளையாடலாம், மணலில் உட்காரக் கூடாது.

அண்ணன்: அத்தை அலைச்சறுக்குக்குத் தயாரா 😄

அம்மா: அண்ணி, இருமல் எப்படி இருக்கிறது?

அத்தை: பரவாயில்லை

அத்தை: நாளை போகிறேன்

அம்மா: தனியாகவா??

பெரியப்பா: தங்கச்சி, அவசரப்படாதே. உலர்ந்த மணல் பக்கம் போகாதே. கெட்டித் தரையில் அதே வேகத்தில் நடப்பதைவிட அதில் இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும், 1998 இலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஈர மணல் இறுகியிருக்கும், அதில் நட. தண்ணீர் இறங்கியிருக்கும் நேரம் பார்த்துப் போனால் அந்தப் பட்டை அகலமாகக் கிடைக்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று பார்த்த நேரம் நாளைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நடக்கும்போது முழு வாக்கியம் பேச வரவேண்டும். வராவிட்டால் நின்றுவிடு. தெம்பு மிச்சம் இருக்கும்போதே திரும்பு, ஏனென்றால் வந்த வழியையும் நீதான் நடக்கவேண்டும்.

சித்தப்பா: அண்ணா, கொஞ்சம் மூச்சு விடுங்கள்

அண்ணன்: 😂😂

அண்ணன்: அத்தை, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரை மறக்காதீர்கள்

அத்தை: நேற்று பாத்திரம் கழுவிய கையோடு மாட்டினேன். 91. பயந்துபோனேன். கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு 97.

அம்மா: பாத்திரம் கழுவினீர்களா!!

அத்தை: இரண்டே தட்டு

சித்தப்பா: உட்காரக் கூடாதென்றால் அக்கா எங்கே இளைப்பாறுவாள்? மடக்கு நாற்காலி எடுத்துப் போகட்டும்.

பெரியப்பா: எந்த நாற்காலி? அப்பாவுடையதா? அவர் போனதிலிருந்து அது உன் வீட்டில்தான் இருக்கிறது.

சித்தப்பா: கிழிந்த துணியை மாற்றியது யார்?

பெரியப்பா: மாற்றச் சொன்னது யார்?

அண்ணன்: ஆரம்பித்துவிட்டார்கள்

அம்மா: இது இப்போது தேவையா? அண்ணி, நானும் கூட வருகிறேன்.

அத்தை: வேண்டாம். ஐந்து வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டு போனில் எல்லோரிடமும் பேசினேன். நாளை யாரோடும் பேசாமல் ஒரு மணி நேரம் இருக்கவேண்டும்.

பெரியப்பா: எல்லோரும் பேசவில்லை. ஒருவர் அழைக்கவே இல்லை.

சித்தப்பா: அந்த இருமலைக் கேட்க என்னால் முடியவில்லை. போதுமா?

அம்மா: சரி விடுங்கள்

அண்ணன்: அந்தப் பக்கம் வண்டி நிறுத்த விடுகிறார்களா என்று யாருக்காவது தெரியுமா?

யாரும் பதில் சொல்லவில்லை. மறுநாள்.

அம்மா (காலை 7:40): அண்ணி?

அம்மா (8:05): அண்ணி, ஒரு வார்த்தை போடுங்கள்

பெரியப்பா: பதறாதே. பேசாமல் இருக்கப் போனவள் பேசாமல்தான் இருப்பாள்.

பெரியப்பா (8:30): தங்கச்சி, எங்கே இருக்கிறாய்?

அத்தை (10:50): வந்து தூங்கிவிட்டேன். மூன்று விளக்குக் கம்பம் தூரம் நடந்தேன். மூன்றாவதில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்து நின்றேன், மூச்சு அடங்கியது. உட்காரவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்கள் ரொம்பக் குறைவு. ஒரு நாய் மட்டும் கூடவே வந்தது, அதுவும் பேசவில்லை.

அண்ணன்: நாய் நம் குடும்பம் இல்லை போல 😄

அம்மா: கடல் வாசனை தெரிந்ததா?

அத்தை: இல்லை. உதட்டை நக்கிப் பார்த்தேன், உப்புக் கரித்தது. நாக்கு இருக்கிறது, மூக்குதான் இன்னும் வரவில்லை.

பெரியப்பா: இன்று நன்றாக இருக்கிறதென்று நாளைக்கும் கிளம்பிவிடாதே. இந்தக் களைப்பு ஒன்றிரண்டு நாள் கழித்தும் வந்து அடிக்கும். இரண்டு நாள் பார், அப்புறம் போகலாம்.

அத்தை: ம்

சித்தப்பா: ஞாயிறு நான் வரட்டுமா அக்கா? நாற்காலியோடு.

அத்தை: உட்காரக் கூடாதாமே

சித்தப்பா: வண்டியிலேயே இருக்கட்டும்

அத்தை: வா. பேசாதே.

அம்மா: ஞாயிறு என்றால் காலையா, மாலையா?

பெரியப்பா: தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்துச் சொல்கிறேன். நாற்காலி திரும்பும்போது என் வீட்டில் இறங்கட்டும்.

சித்தப்பா: பார்க்கலாம்