எஸ்டீமுக்கு 6,900 போதும்

மாடிஃபை செய்த இன்ஜினை எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வரை ஓட்டலாம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர் கீழக்கரை, வண்டி பழைய மாருதி எஸ்டீம், 1,298 சிசி. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைச் சீவி, வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கும் கேம் போட்டு, புரோகிராம் செய்யக்கூடிய இசியூவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாட்டியிருந்தேன். வால்வை மூடும் ஸ்பிரிங்கை மட்டும், செலவு மிச்சம் என்று மாற்றாமல் விட்டுவிட்டேன். கட்-ஆஃபை, அதாவது வேகம் மிஞ்சினால் பெட்ரோலை நிறுத்தும் வரம்பை, 7,600-க்கு ஏற்றி வைத்தேன்.

உச்சிப்புளி தாண்டி ஒருநாள் விடியற்காலை, இரண்டாவது கியர். 7,200-க்கு மேல் இழுப்பு நின்றுபோய் சத்தம் மட்டும் கரகரவென்று மாறியது. கட்-ஆஃப் வந்துவிட்டது என்று நினைத்து மிதித்துக்கொண்டே இருந்தேன். உண்மையில் அது வால்வு ஃப்ளோட். கேம் சுற்றும் வேகத்துக்கு ஈடுகொடுத்து வால்வை மூட பழைய ஸ்பிரிங்குக்குப் பலம் இல்லை.

எங்கள் ஊர் மெக்கானிக் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஹெட்டைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டார். இரண்டு பிஸ்டன் தலையில் பிறை மாதிரி தடம். "பாருங்க தம்பி, வால்வு வந்து தொட்டுட்டுப் போயிருக்கு. ஹெட்ட சீவுனப்பவே கேப்பு கொறஞ்சு போச்சுல்ல?" என்றார். பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் ராடின் பேரிங்கைப் பிரித்தால் மேல்பூச்சு போய் செம்பு தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். இந்த இன்ஜினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒரு தடவை நகரும் தூரம், 75.5 மி.மீ. ஒரு சுற்றுக்கு பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 151 மி.மீ. 6,500-இல் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.4 மீட்டர், 7,600-இல் 19.1. ஹோண்டா எஸ்2000 ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்ட்ரோக் 84 மி.மீ., அது 9,000 வரை சுற்றும்போது 25 மீட்டர் வருகிறது. அப்படியானால் 19 ஒன்றும் பெரிய எண் இல்லையே என்று தோன்றும். அந்த இன்ஜினின் ஒவ்வொரு பாகமும் அந்த வேகத்துக்கென்றே செய்யப்பட்டது, என்னுடையது அப்படியில்லை. அதோடு ராடு தாங்க வேண்டிய இழுவிசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 6,500-இலிருந்து 7,600 என்றால் ஆர்பிஎம் 17 சதவீதம்தான் கூடுகிறது, இழுவிசை 37 சதவீதம் கூடிவிடுகிறது. எரிந்த புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதை மேலிருந்து அழுத்த எதுவும் இல்லை. பறக்கப் பார்க்கும் பிஸ்டனைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சின்ன ராடு போல்ட்டுகள்தான்.

பவரை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்தபோது பவர் 6,300-இல் உச்சம், 7,000-க்கு மேல் சரிவு. அதாவது இல்லாத பவருக்காக இன்ஜினைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். இப்போது புது ஸ்பிரிங், புது ராடு போல்ட், கட்-ஆஃப் 6,900. அடுத்த கியர் போட்டால் ஊசி நல்ல இழுப்பு உள்ள இடத்தில் வந்து விழுகிறது, அது போதும்.

கடற்கரைக்காரர்கள் இன்னொன்றும் பாருங்கள். உப்புக்காற்றில் என் ஆர்பிஎம் மீட்டரின் எர்த் வயர் பச்சை பூத்துப் போயிருந்தது, ஊசி குதித்துக்கொண்டே இருந்தது. எர்த்தைச் சுத்தம் செய்த பிறகும், கீழ் கியர்களில் ஊசி இன்ஜின் வேகத்துக்குச் சற்றுப் பிந்தித்தான் காட்டுகிறது. லேப்டாப்பை மாட்டி இசியூ என்ன சொல்கிறது என்று பார்த்தால்தான் நிஜம் தெரியும்.

மண்டபம் ஊரிலிருந்து இன்னொருவர் எழுதுகிறார்:

அண்ணே, கட்-ஆஃப் இருக்கிறது என்று நம்பித்தான் நான் ஏமாந்தேன். பாம்பன் பாலம் ஏறுவதற்கு முன்னால் ஒரு லாரியை முந்த, ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்கு இறக்கினேன். கியர் லிவரை ஆடாமல் பிடிக்கும் புஷ் தேய்ந்திருந்ததால் விழுந்தது இரண்டாவது. கிளட்சை விட்டதும் ஒரு அலறல், 8,000-க்கு மேல் போயிருக்கும். பெட்ரோலை நிறுத்தத்தான் கட்-ஆஃபுக்குத் தெரியும். சக்கரமே இன்ஜினைச் சுழற்றும்போது அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று வால்வு வளைந்துவிட்டது, டோ கட்டித்தான் வண்டி வீட்டுக்கு வந்தது.

புஷ் மாற்றிவிட்டேன். இப்போதெல்லாம் ஐந்திலிருந்து எடுத்ததும் லிவரை நியூட்ரலில் விட்டு, அது தானாக நடுவுக்கு வந்த பிறகுதான் நேராகப் பின்னால் இழுக்கிறேன்.