கஜா புயலுக்குப் பிறகு கூரைக்கு என்ன போட்டீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

வேதாரண்யம் பக்கத்திலிருந்து:

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையேறியபோது எங்கள் தெருவில் கீற்றுக் கூரை ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஷீட் வீடுகளும் தப்பவில்லை. சிமெண்ட் ஷீட், ஜே போல்ட் (ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி ஆணி) மாட்டிய ஓட்டையிலிருந்து விரிசல் விட்டு உடைந்தது. தகரம் ஓரத்தில் கிளம்பி, அப்படியே பிய்த்துக்கொண்டு போனது.

புயல் காற்று கூரையை அழுத்துவதைவிட மேலே இழுக்கத்தான் செய்கிறது. அந்த இழுப்பு ஓரங்களிலும் முகட்டிலும்தான் அதிகம். அதனால் வண்ணம் பூசிய உலோக ஷீட் போட்டபோது ஓரங்களில் ஸ்குரூவை நெருக்கி அடிக்கச் சொன்னேன். வெளியே நீட்டியிருக்கும் இறவானத்தையும் குறைத்துவிட்டோம், இல்லையென்றால் காற்று அடியில் புகுந்து தூக்கிவிடும். கடலோரம் என்பதால் ஷீட்டுக்கு முன்பே ஸ்குரூ துருப்பிடிக்கும். ரப்பர் வாஷரும் வெயிலில் வெடித்து ஒழுகும். இரண்டையும் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஏறிப் பார்த்தே ஆக வேண்டும்.

சூடுதான் பெரிய தொல்லை. ஷீட்டுக்குக் கீழே இடைவெளி விட்டு சீலிங் அடித்து, இரண்டு பக்கச் சுவரிலும் முகட்டுக்குக் கீழே காற்றுப்போக்கி வைத்தோம். சூடான காற்று அது வழியாக வெளியேறிவிடுகிறது. சீலிங் மட்டும் அடித்துவிட்டு இதை விட்டுவிடாதீர்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:

அண்ணே, எங்கள் வீடு சீமை ஓடு. ஓட்டு இடுக்கு வழியாகவே சூடு வெளியேறுவதால் மத்தியானம்கூட உள்ளே இருக்க முடிகிறது. சரிவு குறைந்தால் மட்டும் மழை உள்ளே அடிக்கும். அப்புறம், ஓடு மாற்றத் தெரிந்த ஆள் இப்போது கிடைப்பதில்லை, அதுதான் எனக்குக் கவலை. ஒரு சின்ன உடைசலுக்காக நல்ல வீட்டை இடித்துத் தளம் போடுகிறார்கள்.

சென்னை, அம்பத்தூரிலிருந்து:

எங்களுடையது கான்கிரீட் தளம். பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கக் கக்கும், ஃபேனைப் போட்டால் அனல்தான் வரும். மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் பெயிண்ட் அடித்தபிறகு மேல்மாடியில் தூங்க முடிகிறது. தூசி படிந்தால் பலன் குறையும், கோடைக்கு முன் கழுவிவிடுவோம்.

பழைய சிமெண்ட் ஷீட்டைக் கழற்றப்போகிறவர்களுக்கு ஒன்று. அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும், அந்தத் தூள் நுரையீரலில் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தண்ணீர் ஊற்றி நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள். துணி கட்டினால் போதாது, தூசி வடிகட்டும் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகளை அன்றைக்கு வேறு வீட்டில் விட்டுவிடுங்கள்.