ஜியாலஜி முதல் வருஷம்: கல்லெல்லாம் ஒண்ணு போலத் தெரியுது, எப்படிப் படிக்கணும்?

சேரன்மாதேவிப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. ஜியாலஜி முதல் வருஷம் படிக்கேன். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். "கல்லப் பத்திப் படிக்கதுக்கு ஒரு காலேஜா"ன்னு வீட்டுல கேட்டாங்க. நான்தான் பிடிவாதமாச் சேர்ந்தேன். பாடம் பிடிச்சிருக்கு. ஆனா ரெண்டு இடத்துல முட்டிக்கிட்டு நிக்கேன்.

பிராக்டிகல்ல குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார், கால்சைட் மூணையும் தட்டுல வச்சா, மூணும் வெள்ளைதான். கல்லுல ஒட்டியிருக்க நம்பரை மனப்பாடம் பண்ணித்தான் கூடப் படிக்கவங்க பேர் சொல்லுதாங்க. பரீட்சைக்கு வேற துண்டு வச்சுட்டா என்ன செய்ய?

அடுத்து பிசிக்கல் ஜியாலஜி தியரி. ஆறு, காற்று, கடல், பனியாறு, எரிமலைன்னு யூனிட் யூனிட்டாப் போகுது. புத்தகத்துல படமெல்லாம் அமெரிக்கா, ஐஸ்லாந்து, சகாரா. படிச்சது ஒரு வாரம் கூட நிக்க மாட்டேங்கு.

இன்னொரு சந்தேகமும் உண்டு. குற்றாலத்துப் பாறை கிரானைட்டா? அப்பா கருங்கல்லுங்காங்க. நெட்டுல ஒருத்தர் கிரானைட்டுங்காரு, இன்னொருத்தர் நைஸுங்காரு. இதைப் படிச்ச அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்க.

பொதிகைச்சாரல் எழுதியது:

தங்கச்சி, எனக்குக் கல்லிடைக்குறிச்சி. இதே பாடத்தைப் படிச்சு, இப்போ காலேஜ்ல இதையே நடத்துதேன். உன் கேள்வி மூணுக்கும் பதில் சொல்லுதேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

முதல்ல தட்டுல இருக்க வெள்ளைக் கல்லு. நிறத்தைப் பாக்காத. பேனாக்கத்தியால கீறிப் பாரு. கீறலை எந்தக் கல்லு எவ்வளவு தாங்கும்னு 1-ல இருந்து 10 வரைக்கும் சொல்லுற மோஸ் கடினத்துல கால்சைட் 3, கத்தி ஏறக்குறைய 5.5, பெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. கால்சைட்டுல உடனே கீறல் விழும். மத்த ரெண்டுலயும் கத்தியோட இரும்புதான் கோடாப் படியும். அதைக் கீறல்னு எழுதிராத, விரலால தேச்சா போயிரும். சந்தேகம் இருந்தா நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடு, கால்சைட் நுரைச்சுக் காட்டிக்கொடுக்கும்.

இனி குவார்ட்ஸா பெல்ட்ஸ்பாரா? துண்டை ஜன்னல் வெளிச்சத்துல மெதுவாத் திருப்பு. ஏதாவது ஒரு கோணத்துல ஒரு பக்கம் முழுக்க ஒரே நேரத்துல மின்னி, லேசா அசைச்சதும் அணைஞ்சா அது பிளவுத்தளம். பெல்ட்ஸ்பாருக்கு அப்படி ரெண்டு தளம் கிட்டத்தட்ட செங்கோணத்துல இருக்கும். குவார்ட்ஸுக்குப் பிளவுத்தளமே கிடையாது. உடைஞ்ச சோடா பாட்டிலோட அடிக்கண்ணாடி மாதிரி வளைஞ்சு வளைஞ்சு உடைஞ்சிருக்கும். ராத்திரியில வெங்கச்சங்கல்லு ரெண்டை உரசி வெளிச்சம் பாத்திருக்கியா? அது குவார்ட்ஸ்தான். வாய்க்கா ஓரத்துல அஞ்சாறு பொறுக்கி வீட்டுல வச்சுக்கோ. நம்பர் ஒட்டாத துண்டை தினமும் கையில எடுத்துப் பாக்கவளுக்கு, பரீட்சையில எந்தத் துண்டு வச்சாலும் பேர் தெரியும்.

கால்சைட்டுக்குத் தாழையூத்து இருக்கு. 1949-ல அங்க சிமென்ட் ஆலை ஓட ஆரம்பிச்சதே அந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். ஆனா அது புத்தகத்துல போட்டிருக்க மாதிரி சிப்பியும் சங்கும் தெரியுற சுண்ணாம்புக்கல் இல்லை. பூமிக்கு உள்ள போயி வெந்து, மறுபடி படிகமான கல்லு. உடைச்ச முகத்தை லென்ஸ்ல பாத்தா ஒவ்வொரு மணியும் தனித்தனியா மின்னும். அதனால படிவுப் பாறைன்னு எழுதாம உருமாறிய பாறைன்னு எழுதணும்.

இப்போ குற்றாலம். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கருங்கல்லுங்கது கொத்தனார் சொல்லுற பேர். கட்டடத்துக்கு அது போதும், ஜியாலஜிக்குப் போதாது. கிரானைட்ல மணிகள் ஒரு திசையும் பாக்காம இறைஞ்சு கிடக்கும். வெளுப்பும் கறுப்பும் பட்டை பட்டையா ஓடினா நைஸ். பட்டை தெளிவில்லாம, எண்ணெய் தடவின மாதிரி பச்சையும் சாம்பலும் கலந்த நிறமா இருந்தா சார்னோகைட்டான்னு பாரு. நம்ம பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் இந்தச் சார்னோகைட்டும் நைஸும்தான். சார்னோகைட்டுங்க பேரை 1893-ல ஜியாலஜிஸ்ட் தாமஸ் ஹாலந்து வச்சாரு. கல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கோட சமாதிக்கல் இந்த வகைக் கல்லு, அவர் பேருதான் கல்லுக்கு வந்தது. சென்னையில பரங்கிமலை, பல்லாவரம் பாறையும் இதேதான்.

இந்தக் கல்லு உருவாகணும்னா 700 டிகிரிக்கு மேல வெப்பமும், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஆழமும் வேணும். நம்ம மலைப்பாறை கடைசியா அப்படி வெந்தது சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னால. அப்போ இலங்கை, மடகாஸ்கர் எல்லாம் நம்மோட ஒட்டிக்கிடந்த நிலம், அங்கேயும் இதே வகைப் பாறை உண்டு. அத்தனை ஆழத்துல இருந்த கல்லு இன்னைக்கு அருவிக்கு அடியில நம்ம கால் படுற இடத்துல கிடக்குன்னா, அதுக்கு மேல இருந்த பாறையெல்லாம் எங்க போச்சு? மழையும் வெயிலும் வேரும் அரிச்சு, ஆறு சுமந்துட்டுப் போச்சு. உன் பிசிக்கல் ஜியாலஜி புத்தகம் முழுக்க இந்த ஒரு கேள்விக்குப் பதில்தான். யூனிட்டைத் தனித்தனியாப் படிச்சா மறக்கத்தான் செய்யும். மலையில இருந்து கடல் வரைக்கும் கல்லோட கூடவே போய்ப் படி.

அதுக்குத் தாமிரபரணி போதும். பொதிகையில பிறந்து சுமார் 125 கிலோமீட்டர்ல புன்னக்காயல் பக்கம் கடல்ல சேர்ந்துருது. மலை, சமவெளி, கழிமுகம்னு மூணையும் திருநெல்வேலி, தூத்துக்குடின்னு ரெண்டே மாவட்டத்துக்குள்ள காட்டுது, பஸ்ஸுலயே பாத்துட்டு வந்துரலாம். பாபநாசத்துல ஆத்துக்குள்ள ஆள் உயரப் பாறை கிடக்கும். 256 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா அது பௌல்டர். கீழ வர வரக் கல்லு சிறுத்து, முனை மழுங்கும். திருநெல்வேலி குறுக்குத்துறைப் பக்கம் வந்தா மணல், அதாவது 2 மில்லிமீட்டருக்கும் கீழ. ஏரல் தாண்டினா வண்டல். சரிவு குறையக் குறைய ஆத்தோட சுமக்குற பலம் குறையுது. நாலு இடத்துல நாலு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாள்ல பரப்பிப் பாரு. அப்புறம் அந்த யூனிட்டை நீ மனப்பாடம் பண்ண வேண்டாம். கொற்கை ஒரு காலத்துல கடல் துறைமுகம். இன்னைக்கு அது கடலை விட்டு சில கிலோமீட்டர் உள்ள கிடக்கு. ஆறு கொண்டுவந்து கொட்டினதுக்கு அதைவிடப் பெரிய சாட்சி நமக்கு வேண்டாம்.

அருவிக்குப் போனா பேரருவிக்கு நடுவுல பொங்குமாங்கடலைப் பாரு. மேலயிருந்து விழுற தண்ணி நேரா கீழ வராம அந்தப் பள்ளத்துல விழுந்து பொங்கித்தான் வருது. தண்ணியும் அது சுழட்டுற கல்லும் சேர்ந்து பாறையைக் குடையிறதுக்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் எந்தப் புத்தகத்துலயும் பாக்கல.

காத்துக்கு சகாரா எதுக்கு? சாத்தான்குளம், குதிரைமொழித் தேரிக்குப் போ. காத்து குவிச்ச செம்மணல் மேடு. ஒவ்வொரு குவார்ட்ஸ் மணி மேலயும் இரும்பு ஆக்சைடு பூசியிருக்கு, சிவப்பு அதால வந்தது. உவரிப் பக்கம் கடற்கரையில கறுப்பும் சிவப்புமா வரி வரியாக் கிடக்கதையும் பாரு. குவார்ட்ஸோட அடர்த்தி 2.65, கார்னெட் கனிமம் 4 பக்கம், இல்மனைட் கனிமம் 4.7 பக்கம். அலை லேசானதை அடிச்சுட்டுப் போயிரும், கனமானது தங்கிரும்.

போர்வண்டி_சங்கரன்கோவில் எழுதியது:

நான் இதெல்லாம் படிக்கல. எங்களுக்குக் குடும்பத்தொழிலே போர் போடுததுதான். ஆனா அக்கா சொன்னதை நாங்க தினமும் பாக்கோம். வண்டி ஓட ஓட வர்ற தூளை ஆழவாரியா ஒரு கை எடுத்துத் தரையில குமிச்சு வைப்போம். மேல மண்ணு, பொறவு சரள், பொறவு கையில நசுங்குற மக்குன கல்லு, அதுக்குக் கீழ கட்டிப்பாறை. தண்ணி பெரும்பாலும் மக்குன கல்லு முடியுற இடத்துல நிக்கும், இல்லன்னா கட்டிப்பாறையில விரிசல் ஓடுற இடத்துல. விரிசல் இல்லாத பாறையில எத்தனை அடி இறக்குனாலும் புகைதான் வரும். ஒரு வயல்ல தண்ணி பீச்சும், பக்கத்து வயல்ல ஒண்ணும் இருக்காது. சாமி குத்தம்பாங்க. விரிசல் எந்தப் பக்கம் சாஞ்சு போகுதுன்னு பாத்தா காரணம் தெரியும்.

உங்க ஊர்ல போர் போட்டா போயி நின்னு பாரும்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மூக்குல துணி கட்டிக்கிட்டு நில்லு. அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

கரிசல்காடு எழுதியது:

எனக்குக் கோவில்பட்டி. கரிசல் மண் எரிமலைக் குழம்புல இருந்து வந்ததுன்னு ஸ்கூல்ல படிச்சோம். எங்க ஊர்க் கிணத்துல எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அப்படி ஒரு கல்லும் வரலையே அக்கா?

பொதிகைச்சாரல் எழுதியது:

போர்வண்டித் தம்பி, நீங்க சொன்ன அடுக்கை நான் வகுப்புல போர்டுல வரைஞ்சுதான் நடத்துதேன். தூளைக் குமிச்சு வைக்கிற உங்க பழக்கத்தை இனிமே பிள்ளைங்ககிட்டயும் சொல்லுதேன்.

கரிசல்காடு, வராது. தக்காணத்து எரிமலைக் குழம்பு பரவினது சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால, மகாராஷ்டிரம், அதைச் சுத்தின பகுதியில. நம்ம பக்கம் அது வரவே இல்லை. நம்ம கரிசல் கீழ இருக்க நைஸ் மக்கி வந்தது. மழை குறைவு, நிலம் தட்டை, தண்ணி வடியல. அதனால சுண்ணாம்புச் சத்து அடிச்சுட்டுப் போகாம அங்கேயே தங்கி, நனைஞ்சா உப்பி காஞ்சா சுருங்குற களிமண் கனிமமா மாறிருது. சித்திரையில கால் நுழையுற அளவுக்கு வெடிப்பு விடுதே, அது அதனாலதான். அடியில கிடக்க சுக்கான் கல்லுல அமிலம் விட்டுப் பாருங்க, நுரைக்கும்.

சேரன்மாதேவிப்பொண்ணு எழுதியது:

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. நேத்து வாய்க்காக்கரையில வெங்கச்சங்கல்லு பொறுக்குனேன். கத்தியால கீறிப் பாத்தேன், இரும்புக் கோடுதான் விழுந்துச்சு! தேச்சதும் போயிருச்சு. அம்மா பாத்துட்டு அடுப்படிக் கத்தியை எடுக்காதன்னு சத்தம் போட்டாங்க.

ரெண்டே ரெண்டு கேள்வி. பனியாறு யூனிட்டுக்கு நம்ம பக்கம் என்ன பாக்க? பாபநாசத்துக்குச் சுத்தியல் கொண்டுபோகலாமா?

பொதிகைச்சாரல் எழுதியது:

பனியாத்துக்கு நம்ம மாவட்டத்துல சாட்சி கிடையாது. அதுக்கு ஒடிசாவுல தால்ச்சேர் இருக்கு. 1856-ல ஜியாலஜிஸ்ட் பிளான்போர்டு சகோதரர்கள் அங்க மெல்லிய சேத்துக்கு நடுவுல பெரிய பெரிய பாறை கிடக்கதைப் பாத்து, பனி சுமந்துட்டு வந்து போட்டதுன்னு சொன்னாங்க. கிட்டத்தட்ட 30 கோடி வருஷப் பழசு. இந்தியா அப்போ தென்துருவத்துப் பக்கம் கிடந்தது. கண்ட நகர்வு யூனிட்டோட அதைச் சேர்த்துப் படி, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தாங்கும்.

சுத்தியல் வேண்டாம். பாபநாசத்துக்கு மேல களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்க ஒரு கல்லைக் கூட உடைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. கோயில் பக்கத்துப் பாறையிலயும் கை வைக்காத. குவாரிக்கு டிபார்ட்மென்ட்ல இருந்து கூட்டிட்டுப் போனா மட்டும் போ, தனியாப் போகாத. பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோ, முதல் வருஷத்துக்கு அதுவும் கத்தியும் போதும். போட்டோ எடுத்தா பாறை மேல ஒரு ரூபா நாணயம் வச்சு எடு, இல்லன்னா பட்டை எவ்வளவு அகலம்னு பொறவு சொல்ல முடியாது. போட்டோவோட நிறுத்திராம கையாலயும் வரை. எந்தப் பட்டை எதை வெட்டிட்டுப் போகுதுன்னு வரையும்போதுதான் கண்ணு கவனிக்கும். வெட்டுறது பிந்தினது, வெட்டுப்படுறது முந்தினது.

குறுக்குத்துறை மணலை லென்ஸ்ல பாத்துட்டு என்னென்ன இருக்குன்னு இங்க எழுது. அதுல சிவப்பா, பிளவுத்தளம் இல்லாம ஒரு மணி தெரிஞ்சா அது என்னன்னு நான் சொல்ல மாட்டேன். கடினம் பாத்துட்டு நீயே சொல்லு.